தம்பியின் பங்கு

ஜனவரி 6, திங்கள்

ஆணழகன் போட்டிக்கு இன்னும் பதினாறு வாரம். கட்டம் போட்ட தாளில் அட்டவணை எழுதி முடித்தேன். இந்த முறை இரண்டு பத்தி. ஒன்று எனக்கு, ஒன்று சின்னவனுக்கு. என்றைக்கு ஊசி, எந்த வாரம் அளவு ஏறும், எப்போது இறங்கும், எப்போது ரத்தப் பரிசோதனை, எல்லாம் என் கைப்பட எழுதியது. மருந்துக் கிடங்கில் பதினோரு வருஷம் சரக்கு சரிபார்த்தவன் போட்ட அட்டவணை, சும்மாவா?

சின்னவன் என் தம்பி, எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் இருக்கிறான். டைல்ஸ் ஒட்டுகிறவன். ஜிம்முக்கு வந்து மூன்றே வருஷம். நான் பதிமூன்று வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறேன். இரண்டு வருஷமாகச் சதை ஏற்றும் ஹார்மோன் ஊசியும் போட்டுக்கொள்கிறேன். அவன் இதுவரை ஊசியைத் தொட்டதே இல்லை. சோறு, முட்டை, தூக்கம், அவ்வளவுதான். ஆனாலும் இன்று எடை பார்த்தபோது அரை கிலோ ஏறி, நேராக என் பிரிவில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, ரெண்டு பேரும் ஒரே மேடை!" என்று குதிக்கிறான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது அவனுக்கும் மருந்து வேண்டுமாம். ஜிம் நடத்துகிற மாஸ்டர்தான் ஏற்றிவிட்டிருக்கிறார். "வெளியில யார்கிட்டயோ போய் மாட்டிக்கறதுக்கு, உன் அண்ணனே போட்டு விடட்டும்" என்றாராம். ரொம்ப அக்கறை.

ஜனவரி 8, புதன்

அவன் தோளைப் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

எழுதிவிடுவதே நல்லது. வேறு யாரிடம் சொல்ல?

சின்னவனுக்கு ஊசி என்றால் உயிர் போகும் பயம். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்து, "போடறதுக்கு முன்னாடி சொல்லு, இல்ல, சொல்லாத, சொல்லாமலே போடு" என்று புலம்புகிறான். மேஜையில் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிய மருந்துப் பெட்டி. பக்கத்தில் நான் எனக்காக வைத்திருக்கும் வைட்டமின் ஊசி.

அவன் முதுகைப் பார்த்தேன். நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் சதை. அப்படி ஒரு முதுகுக்காக நான் என்னென்ன செய்திருக்கிறேன்! மருந்து இல்லாமலே இப்படி. மருந்தும் ஏறினால்? நான் மேடையில் அவனுக்குப் பக்கத்தில் துணைக்கு நிற்கிற ஆள் மாதிரி இருப்பேன்.

கை தானாகப் போனது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கை தானாகப் போகவில்லை. நான்தான் எடுத்தேன். வைட்டமினைத்தான் போட்டேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சுருக்குன்னுதான் இருந்துச்சு. இதுக்கா இவ்வளவு பயந்தேன்! உனக்குக் கை ராசி அண்ணே."

அவன் பங்கு மருந்து மிச்சமிருந்தது. அதையும் நானே போட்டுக்கொண்டேன். ஏன்? வீணாகப் போகக்கூடாதே. அடப்பாவி, எப்படியெல்லாம் காரணம் வருகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

"அண்ணே, மூத்திரம் மஞ்சளா போகுது. மருந்து வேலை செய்யுது!"

வைட்டமின் போட்டால் யாருக்கும் அப்படித்தான் போகும். சிரிப்பை அடக்கக் குளியலறைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று கண்ணாடியைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

ஏழாவது ஊசி. அவனுக்கு வைட்டமின், எனக்கு இரண்டு பங்கு.

பெஞ்ச் பிரஸ்ஸில் ஐந்து கிலோ ஏற்றிவிட்டான். வைட்டமினில்! "இன்னிக்குப் போட்டது ஜிவ்வுன்னு ஏறிடுச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் இரண்டு கிலோ ஏற்றினேன். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இது என்ன நியாயம்? யாராவது சொல்லுங்கள். கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் அவித்துத் தின்கிறவன் நான். அவன் வேலை செய்கிற இடத்தில் கிடைத்ததைத் தின்றுவிட்டு, சிமெண்ட் மூட்டை மேலேயே தூங்கி எழுந்து வருகிறான். உடம்பு அவனுக்கு வேலைக்காரன் மாதிரி சொன்னபடி கேட்கிறது. எனக்கு மட்டும் மாமியார் மாதிரி முறைக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதுகெல்லாம் பரு. மார்புக் காம்புக்குப் பின்னால் தொட்டால் வலிக்கிறது. கிடங்கில் லாரி டிரைவரோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. அவன் கேட்டது "சார், கையெழுத்து" அவ்வளவுதான்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதிரில் வந்து உட்காருகிறவர்களின் கண்ணை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணிவரை பார்க்கிறவள். சாயங்காலம் வந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"சின்னவன் வந்தா ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போகுது?"

"எப்படிப் போகுது?"

"பொறாமை பிடிச்ச மூஞ்சி."

கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டு பேருடைய ரத்த ரிப்போர்ட்டும் வந்தது. சின்னவன் உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினான். அவனுக்கு அந்த எழுத்தும் எண்ணும் ஒன்றும் புரியாது. நான் சொல்வதுதான் வேதம்.

என்னுடையது: டெஸ்டோஸ்டிரோன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. எல்லாம் ஊசியில் வந்தது. "நீயே சுரந்துகொள்" என்று மூளை அனுப்ப வேண்டிய கட்டளை மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். வெளியிலிருந்து வருகிறதே, நான் எதற்கு வேலை செய்ய வேண்டும் என்று என் உடம்பு கடையைச் சாத்திவிட்டது. ஈரல் எண்கள் கூடியிருக்கின்றன. ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. கொழுப்பைப் பற்றி எழுத வேண்டாம்.

அவனுடையது: எல்லாம் அளவோடு. டெஸ்டோஸ்டிரோன் அழகாக நடுவில். சொந்தச் சரக்கு, கட்டளையும் சொந்தம். ஒரு வரியில்கூடக் குறை இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், முதுகைப் பார்த்துப் பட்டிருக்கிறேன். ஒரு லேப் தாளைப் பார்த்து வயிறு எரிந்தது இன்றைக்குத்தான்.

"என்ன அண்ணே, ஏதாச்சும் கெட்டுப்போயிருக்கா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பார்த்தியா! எல்லாரும் சும்மா பயமுறுத்தறாங்க. எனக்கு ஒத்துக்குது."

மார்ச் 20, வியாழன்

நிறுத்தலாமா என்று யோசித்தேன். போட்டிக்கு மிச்சமிருக்கிற ஐந்து வாரத்துக்கு எதற்கு நிறுத்துவது?

அவனுக்கு இனிமேலாவது உண்மையானதைப் போடலாமா என்றும் யோசித்தேன். அது நல்ல எண்ணமா கெட்ட எண்ணமா என்றே தெரியவில்லை. எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 12, சனி

மாடிப்படி ஏறினால் காதுக்குள் இதயம் அடிக்கிறது. மாஸ்டர் என் மார்பைப் பார்த்து, "கொஞ்சம் ஊதியிருக்கே, தண்ணியைக் குறை" என்றார். சின்னவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சும்மா ஒருமுறை சுற்றி வந்தார். அந்தச் சுற்றின் அர்த்தம் எனக்குத்தான் தெரியும், எனக்கு ஒரு தடவையும் கிடைத்ததில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னவன் முதல்.

நான் நாலாவது.

ஏப்ரல் 28, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மேடையில் கோப்பையைக் கையில் கொடுத்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினான். பேசவே தெரியாது அவனுக்கு. "இந்தக் கப் எங்க அண்ணனோடது. அட்டவணை போட்டது அவன். ஊசி போட்டு..." என்று ஆரம்பித்தான், மாஸ்டர் கீழேயிருந்து இருமினார், உடனே "பார்த்துப் பார்த்து வளர்த்தது அவன்" என்று மாற்றிக்கொண்டான். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பிக் கை தட்டியது. நாலாவது இடத்தில் நின்றவனுக்கு முதல் இடத்துக்கான கைதட்டல்.

பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

இரண்டு பங்கு மருந்து நாலாவது. வைட்டமின் முதல். உலகத்தில் இது ஒருவனுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டுமா?

மே 5, திங்கள்

ஜிம்மில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. முன்பு "தள்ளுங்க அண்ணே" என்றவர்கள் இப்போது பெஞ்சைத் துடைத்துக் கொடுக்கிறார்கள். அட்டவணை வேண்டுமாம். நான் மழுப்பினேன். பார்த்தால் சின்னவன் தன் பத்தியை ஜெராக்ஸ் எடுத்து மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறான். கூடவே தன் ரத்த ரிப்போர்ட்டையும்! "நாலு மாசம் போட்டிருக்கேன், இந்தா பாரு, சுத்தம். எங்க அண்ணன் அளவு தப்பாது."

மூன்று பேரில் ஒருவர் வெல்டர். இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

மே 9, வெள்ளி

சாப்பிடும்போது சின்னவன் சொன்னான்: "அண்ணே, அடுத்த தடவை அளவை இரட்டிப்பாக்கிடு. என் உடம்புக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

அவன் உடம்பு என்ன தாங்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம் நான். இரட்டிப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் சட்டைக்குள் இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும்? வைட்டமினிடம் தோற்றவன் என்று ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால்? அவன் உடம்பும் கடையைச் சாத்தும். அப்போது நானும் அவனும் சமம். சமம் என்று எழுதும்போது உள்ளே ஏதோ ஒன்று இனித்தது. சீ. நான் என்ன ஜென்மம்?

மே 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாடிக்குக் கூட்டிப் போய், துணி காயப்போட்டிருந்த கொடிக்கு நடுவில் நின்று, முதல் ஊசியிலிருந்து கடைசி ஊசிவரை சொன்னேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவன் முழுசாகக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"அண்ணே, நான் ஜெயிச்சதுல உனக்கு வயிறு எரியுது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். அதுக்கு இப்படி ஒரு கதையா? நான் அடுத்த தடவை மருந்தை இரட்டிப்பா போட்டா உன்னால கிட்டயே வர முடியாது. அதனாலதான் நிறுத்தப் பார்க்கற."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை எப்படி நம்பவைப்பது?

"இனிமே நீ போட வேணாம். மாஸ்டர் போடுவார்" என்று இறங்கிப் போய்விட்டான்.

மே 12, திங்கள்

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "ஏன்ப்பா, சொந்தத் தம்பி வளர்றது உனக்குப் பிடிக்கலையா?" என்றார். அவரும் அதையேதான் சொல்கிறார். எல்லாருக்கும் என்னைப் பற்றி இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

மே 14, புதன்

இன்று மாஸ்டர் போட்டுவிட்டாராம். மனைவி சொன்னாள்.

மே 16, வெள்ளி

காலையில் கிடங்குக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சின்னவன் வாசலில் நின்றான். ஒரு காலை இழுத்து இழுத்து வந்திருக்கிறான். உட்காரச் சொன்னேன்.

"உட்கார முடியல அண்ணே."

இடுப்புக்குக் கீழே ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி வீங்கியிருக்கிறது. எண்ணெய் மருந்து அப்படித்தான். முதல் ஊசி இரண்டு மூன்று நாள் உயிரை எடுக்கும். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுக்கு இதுதான் முதல் ஊசி.

"நீ போட்டப்ப ஒரு நாள்கூட இப்படி வலிச்சதில்ல."

கையில் கிடைத்திருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே வைத்தேன்.

"பதினாறு வாரமும்?"

"ஆமா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மைக்ல உன்னோடதுன்னு சொன்னேனே அண்ணே" என்றான். "நான் சொந்தமா ஜெயிச்சதை எடுத்து உன் கையில குடுத்தேனே. நீ வாங்கிக்கிட்டியே."

அழுதான். இவ்வளவு பெரிய உடம்பு அழுவதைப் பார்க்க முடியவில்லை. மனைவி உள்ளேயிருந்து வந்து அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை, இரண்டு பேருமே.

மே 18, ஞாயிறு

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கே குடிபோய்விட்டான். மருந்து வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டானாம். காரணம் கேட்டதற்கு "ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான், முட்டாள்.

ஆனால் ஜெராக்ஸ் மூன்று வெளியில் இருக்கிறதே. இன்று ஜிம்மில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவில் நின்று சொன்னேன். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. என் தம்பிக்கு நான் போட்டது வெறும் சத்து ஊசி. அவன் பங்கையும் நானே போட்டுக்கிட்டேன். பொறாமை." சட்டையைக் கழற்றி ஊதிப்போன மார்பைக் காட்டினேன். என் ரிப்போர்ட்டையும் கொடுத்தேன்.

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெல்டர் தாளை நாலாகக் கிழித்தார். அப்புறம் ஓரத்திலிருந்து ஒருத்தன் கேட்டான்:

"அந்த வைட்டமின் என்ன கம்பெனிங்க?"

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன். அழுகை மாதிரிதான் வந்தது.

மே 21, புதன்

ஹார்மோன் டாக்டரம்மா. சின்ன உருவம், பெரிய குரல். எல்லாத் தாளையும் விரித்துப் பார்த்துவிட்டு, "யார் இந்த அட்டவணை போட்டது?" என்றார்.

"நான்தான் மேடம்."

"கையெழுத்து நல்லா இருக்கு. வேற ஒண்ணும் நல்லா இல்ல."

எல்லாம் திரும்பலாமாம், திரும்பாமலும் போகலாமாம். மாதக்கணக்கில் ஆகும். நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ரத்தம் எடுத்துவிட்டு வரச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, குழந்தை பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா." பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 30, திங்கள்

எதிலும் பிடிப்பில்லை. கிடங்கில் பெட்டிமேல் உட்கார்ந்தால் எழ மனமில்லை. எட்டு கிலோ போய்விட்டது. சட்டை எல்லாம் யாருடையதோ மாதிரி தொங்குகிறது.

சின்னவன் தினமும் போன் பண்ணுகிறான். அவன் அண்ணிக்கு. சமையலறைக்குள் போய் மெதுவாகப் பேசுகிறாள். ஒருநாள் காதில் விழுந்தது: "சாப்பிடறாரு. ம். மாத்திரை போடறாரு. ம்." என்னைப் பற்றித்தான் கேட்கிறான். கேட்கிறானே தவிர, போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த மூளைக் கட்டளை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. "கடை அரைக் கதவு திறந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. என் உவமையை அவரிடம் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அவன் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. இதற்கு மாத்திரை இல்லையாம்.

செப்டம்பர் 29, திங்கள்

ஜிம்முக்குப் போனேன். வெறும் கம்பி மட்டும் தூக்கினேன். "சத்து ஊசி வந்துட்டாரு" என்றான் ஒருத்தன். வெல்டர் அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

மருந்து போட்டிருக்கிறார்களா என்று மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டு மேடை ஏற்றும் போட்டியாம். சின்னவன் கலந்துகொள்கிறான் என்று மனைவி சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை. போனேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் வந்து நின்றான். ஐயோ, என்ன உடம்பு! வயிறு எரிந்தது. பழகிய எரிச்சல்தான், வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது இடம் சொன்னார்கள். அவன் பெயர்.

தோற்றுவிட்டான். எத்தனை நாள் இதற்காக ஏங்கியிருக்கிறேன்! அட்டவணையைவிடக் கவனமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத் திட்டம் போட்டவன் நான். சந்தோஷம் வரப்போகிறது என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். வரவில்லை. அவன் தலையைக் குனிந்து அந்தச் சின்னக் கோப்பையை வாங்கினான், எனக்குள் வேறு ஏதோ கிளம்பி நேராகத் தொண்டைக்கு வந்தது.

"நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" யாரோ கத்துகிறார்கள் என்று பார்த்தால், நான். நாற்காலிமேல் ஏறி நிற்கிறேன். "அவன் முதுகைப் பாருங்கய்யா! திருப்பி நிக்க வெச்சுப் பாருங்க!" இரண்டு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உடம்பில் பூசிய சாயத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ஆறு மாசம் கழித்து முதல் வார்த்தை:

"ஏன் இப்படிக் கத்தற? மானம் போகுது."

"நீதான் முதல்."

"இல்ல அண்ணே. ஜெயிச்சவன் கால் என்னைவிட நல்லா இருந்துச்சு."

"உனக்குக் கண்ணு தெரியுமா? கால் பார்க்க உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"நான் தூரத்துல இருந்து பார்த்தேன். அதுதான் சரியா தெரியும்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அதே சண்டை. அவன் பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, இப்போது எழுதும்போதும் வலிக்கிறது. நாளைக்கும் சொல்வேன். சின்னவன் கால்தான் நல்லா இருந்தது.